தோற்றாலும் அசையாத நாற்காலி: ஹாக்கி ரசிகர்களின் தீராத ஆதங்கம்

புது தில்லி:

2008-ம் ஆண்டு மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. தென் அமெரிக்க நாடான சிலியின் தலைநகர் சாண்டியாகோவில், பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்கான ஹாக்கி தகுதிச்சுற்றின் இறுதி ஆட்டம். முதல் பத்து நிமிடங்களிலேயே பிரிட்டன் இரண்டு கோல்களைப் போட்டுவிட்டது. எஞ்சியிருந்த ஒரு மணி நேரத்தில் இந்திய அணியால் ஒரு கோலைக்கூடத் திருப்பிப் போட முடியவில்லை. 0-2 என்ற கணக்கில் ஆட்டம் முடிந்தது.

1928-ல் ஆம்ஸ்டர்டாமில் முதல் தங்கத்தை வென்றதிலிருந்து ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா பங்கேற்காத ஆண்டே கிடையாது. எட்டுத் தங்கம், ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம் வென்ற நாடு, எண்பது ஆண்டுகளில் முதல் முறையாக ஒலிம்பிக் வாசலில் இருந்தே திரும்ப வேண்டியதாயிற்று.

மறுநாள் திங்கள்கிழமை. பட்ஜெட் கூட்டத் தொடரில் இருந்த நாடாளுமன்றத்தில் ஹாக்கியே பேச்சாக இருந்தது. நிதிநிலை அறிக்கையையும் விவசாயக் கடன் தள்ளுபடியையும் விவாதித்துக் கொண்டிருந்த உறுப்பினர்கள், கட்சி வேறுபாடின்றி ஹாக்கிக்காகக் குரல் எழுப்பினர். பயிற்சியாளர் ஜோக்கிம் கார்வாலோ தோல்விக்குப் பொறுப்பேற்று ராஜிநாமா செய்துவிட்டார். இந்திய ஹாக்கி சம்மேளனத்தின் துணைத் தலைவர் நரீந்தர் பத்ராவும் பதவி விலகினார். ரசிகர்கள், முன்னாள் வீரர்கள், உறுப்பினர்கள் எல்லோரும் எதிர்பார்த்த ராஜிநாமா மட்டும் வரவில்லை. அது சம்மேளனத்தின் தலைவர் கே.பி.எஸ். கில்லினுடையது.

உடனுக்குடன் பலன் தருவதற்கு இது 'இன்ஸ்டன்ட் காபி' இயந்திரம் அல்ல என்ற பொருளில் அவர் செய்தியாளர்களிடம் கூறிய பதில், தோல்வியைவிடவும் அதிகமாக ரசிகர்களைப் புண்படுத்தியது. அந்த நாற்காலியில் அவர் அமர்ந்து அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சீருடையிலிருந்து ஹாக்கிக்கு

பஞ்சாபில் தீவிரவாதத்தை ஒடுக்கியவர் என்று பெயர் பெற்ற காவல் துறைத் தலைவர் கில். 1994-ல், காவல் பணியில் இருந்தபோதே ஹாக்கி சம்மேளனத்தின் தலைவரானார். கட்டுக்கோப்பான ஓர் அதிகாரி வந்திருக்கிறார், சீரழிந்து கிடக்கும் ஹாக்கி நிமிர்ந்துவிடும் என்று அன்று நம்பியவர்கள் பலர்.

ஹாக்கியின் சரிவு கில்லோடு தொடங்கியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை அறிமுகமானபோதே இந்தியா ஏழாவது இடத்துக்குச் சென்றது. 1980 மாஸ்கோ தங்கத்துக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கமே கிட்டவில்லை. 1986-ல் லண்டனில் நடைபெற்ற உலகக் கோப்பையில் இந்தியா பெற்றது பன்னிரண்டாவது, அதாவது கடைசி இடம். கில் பொறுப்பேற்றது நோயாளியின் கட்டில் அருகேதான்.

அவரது காலத்தில் வெற்றிகளும் உண்டு. 1998-ல் பாங்காக் ஆசியப் போட்டியில் தங்கம், 2001-ல் ஆஸ்திரேலியாவின் ஹோபர்ட்டில் இளையோர் உலகக் கோப்பை, 2003-லும் 2007-லும் ஆசியக் கோப்பை என ஒரு பட்டியலையே அவரது ஆதரவாளர்களால் காட்ட முடியும். ரசிகர்களின் கோபம் தோல்விகளைக் கண்டு மட்டும் எழுந்ததல்ல. வெற்றிகளுக்குப் பின் நடந்தவைதான் அவர்களை அதிகம் வருத்தின.

தங்கத்துக்குக் கிடைத்த பரிசு

பாங்காக் தங்கம் 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியப் போட்டியில் கிடைத்த தங்கம். அணியின் கேப்டன் தன்ராஜ் பிள்ளை. புணே அருகேயுள்ள கட்கியில் எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, உடைந்த மட்டைகளைக் கட்டி ஆடிப் பழகி, நாட்டின் மிகச் சிறந்த முன்கள வீரராக உயர்ந்தவர். பயிற்சியாளர் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் இடம்பெற்றிருந்த எம்.கே. கௌசிக்.

தாயகம் திரும்பிய அணிக்கு மாலை மரியாதைகள் முடிந்த கையோடு, அடுத்த தொடருக்கான அணி அறிவிக்கப்பட்டது. அதில் தன்ராஜ் பிள்ளை இல்லை. இறுதி ஆட்டத்தின் டை-பிரேக்கரில் கோலைக் காத்து நின்ற ஆசிஷ் பல்லால் இல்லை. மேலும் சில மூத்த வீரர்களும் இல்லை. பயிற்சியாளர் கௌசிக்கும் நீக்கப்பட்டார். வீரர்களுக்கு 'ஓய்வு' தரப்பட்டுள்ளதாகச் சம்மேளனம் கூறியது. தினப்படி, வசதிகள் ஆகியவை குறித்து வாய் திறந்ததற்கான தண்டனை என்றே ரசிகர்கள் கருதினர். தன்ராஜ் பின்னர் அணிக்குத் திரும்பி சிட்னியிலும் ஏதென்ஸிலும் ஆடினார் என்றாலும், அந்தக் காயம் ஆறவில்லை.

2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் போலந்துக்கு எதிராக வென்றால் அரையிறுதி என்ற நிலை. 1-0 என்று முன்னிலையில் இருந்த இந்தியா, ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்கள்கூட இல்லாதபோது கோல் வாங்கி வாய்ப்பை இழந்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்த நேரத்தில் பயிற்சியாளர் ராஜீந்தர் சிங் நீக்கப்பட்டு, இந்திய வீரர்களை அதிகம் அறிந்திராத ஜெர்மானியர் கெர்ஹார்டு ராக் நியமிக்கப்பட்டார். கிடைத்தது ஏழாவது இடம். பதினான்கு ஆண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் மாறினர். மாறாமல் இருந்தவர் தலைவர் ஒருவர்தான்.

சென்னையில் எழுந்த நம்பிக்கை

2006-ல் ஜெர்மனியில் நடைபெற்ற உலகக் கோப்பையில் இந்தியாவுக்குப் பதினோராவது இடம். அதே ஆண்டின் இறுதியில் தோஹா ஆசியப் போட்டியில் சீனாவிடம் தோற்று, அரையிறுதிக்கே செல்லாமல் திரும்பியது. ஆசியப் போட்டி ஹாக்கியில் இந்தியா பதக்கமின்றித் திரும்பியது அதுவே முதல் முறை. மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் கேப்டனான சென்னையைச் சேர்ந்த வி. பாஸ்கரனே அப்போதைய பயிற்சியாளர்.

தோஹாவில் தங்கம் வென்றிருந்தால் பெய்ஜிங்குக்கு நேரடியாகத் தகுதி கிடைத்திருக்கும். அதை நழுவவிட்டதால்தான் சாண்டியாகோவுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கு முதலிடம் பெறும் ஒரே அணிக்குத்தான் இடம் என்பது விதி.

எனினும், இடையில் ஒரு நம்பிக்கைக் கீற்று தோன்றியது. 2007 ஆகஸ்டில் ஷாருக் கான் நடித்த 'சக் தே இந்தியா' திரைப்படம் வெளிவந்து ஹாக்கியை மீண்டும் பேசுபொருளாக்கியது. அடுத்த மாதமே சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கில் நடைபெற்ற ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா 7-2 என்ற கோல் கணக்கில் தென் கொரியாவைத் தோற்கடித்தது. ஆனால், அந்தக் கோப்பை பெய்ஜிங்குக்கு வழிகாட்டும் போட்டியல்ல. அதே செப்டம்பரில் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்ற கிரிக்கெட் வீரர்களுக்கு மாநில அரசுகள் பரிசுகளை வாரி வழங்கியபோது, ஆசியக் கோப்பையை வென்ற ஹாக்கி வீரர்கள் சிலர் தங்களைக் கண்டுகொள்ளவில்லை என்று கூறி உண்ணாவிரதம் இருக்கப் போவதாக அறிவிக்கும் நிலை ஏற்பட்டது.

அடுத்த ஆறு மாதங்களில் சாண்டியாகோ.

அவையில் எழுந்த கேள்வி, கிடைக்காத பதில்

நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்டது எளிய கேள்வி: இத்தனை தோல்விக்குப் பிறகும் ஒருவரை ஏன் நீக்க முடியவில்லை? அன்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தவர் தமிழகத்தின் மயிலாடுதுறைத் தொகுதி உறுப்பினரான மணிசங்கர் ஐயர். அவர் முன்னிருந்த வழிகள் மிகக் குறைவு.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி விளையாட்டு என்பது மாநிலப் பட்டியலில், 33-வது இனத்தில் இடம்பெறும் பொருள். தேசிய விளையாட்டுச் சம்மேளனங்கள் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட தன்னாட்சி அமைப்புகள். அவற்றின் தலைவரைத் தேர்வு செய்வது மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள். அரசு தலையிட்டால் ஒலிம்பிக் சாசனத்தை மீறியதாகக் கூறிச் சர்வதேச அமைப்புகள் நாட்டையே தடை செய்யக்கூடும். அந்த அச்சம் வெறும் கற்பனையல்ல என்பது பின்னாளில் இருமுறை தெரியவந்தது. 2012 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்திய ஒலிம்பிக் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் இந்திய வீரர்கள் தேசியக் கொடியின்றி நடக்க நேர்ந்தது. 2022 ஆகஸ்டில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனமும் இதே போன்ற காரணத்துக்காகச் சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனத்தின் தடைக்கு உள்ளாயிற்று.

இந்த ஏற்பாட்டில் ஒரு விந்தை உண்டு. வெளிநாட்டுப் பயிற்சியாளருக்கு ஊதியம், பயிற்சி முகாம்களுக்கான செலவு, வெளிநாட்டுப் பயணத்துக்கான விமானக் கட்டணம் ஆகியவற்றின் பெரும் பகுதி மக்களின் வரிப் பணம். ஆனால், அந்தப் பணத்தில் இயங்கும் அமைப்புக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குச்சீட்டு மாநிலச் சங்கங்களின் சில டஜன் நிர்வாகிகளிடம். வீரருக்கு வாக்கு இல்லை, ரசிகருக்கும் இல்லை. மாநிலச் சங்கங்களை மகிழ்வித்து வைத்திருக்கும் தலைவர், அரங்கின் கூச்சலுக்கு அஞ்ச வேண்டிய தேவையே எழுவதில்லை. மக்களவை உறுப்பினர் ஒருவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்காளர் முன் நிற்க வேண்டும். ஹாக்கித் தலைவருக்கு அந்தக் கட்டாயமும் இருக்கவில்லை.

ஐம்பது நாள்களில் முடிந்த கதை

தோல்வியால் அசைக்க முடியாத நாற்காலியை இறுதியில் ஒரு ரகசிய கேமரா அசைத்தது. 2008 ஏப்ரலில், தேசிய அணியில் ஒரு வீரரைச் சேர்ப்பதற்காகச் சம்மேளனத்தின் செயலாளர் கே. ஜோதிகுமரன் பணம் பெற்றதாகக் கூறும் காட்சிகளை ஹிந்தி செய்தித் தொலைக்காட்சி ஒன்று ஒளிபரப்பியது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். எனினும் பதவி விலகினார். தமிழகத்தைச் சேர்ந்த அவர், கில்லுக்கு அடுத்த நிலையில் சம்மேளனத்தை நீண்ட காலம் நடத்தி வந்தவர்.

அதே மாதத் தொடக்கத்தில் அமைச்சரவை மாற்றத்தின்போது விளையாட்டுத் துறை மணிசங்கர் ஐயரிடமிருந்து முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் எம்.எஸ். கில்லுக்கு மாற்றப்பட்டிருந்தது. 2010 உலகக் கோப்பையை தில்லியில் நடத்தும் வாய்ப்பும் ஊசலாடியது. ஏப்ரல் 28 அன்று சுரேஷ் கல்மாடி தலைமையிலான இந்திய ஒலிம்பிக் சங்கம் கூடி, ஹாக்கி சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. சாண்டியாகோ தோல்வியிலிருந்து எண்ணினால் சரியாக ஐம்பதாவது நாள்.

அணித் தேர்வு உள்ளிட்ட பணிகளைக் கவனிக்க ஐந்து முன்னாள் வீரர்கள் கொண்ட தாற்காலிகக் குழு அமைக்கப்பட்டது. 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற அணியின் கேப்டன் அஜித்பால் சிங், அந்த அணியின் வீரர்களான அஸ்லம் ஷெர்கான், அசோக் குமார், பின்னாளைய கேப்டன் ஜாபர் இக்பால், அவர்களுடன் தன்ராஜ் பிள்ளை. பத்து ஆண்டுகளுக்கு முன் 'ஓய்வு' அளிக்கப்பட்டவர், அணியைத் தேர்வு செய்யும் இடத்தில் அமர்ந்தார். இனி விடிவு காலம்தான் என்று ரசிகர்கள் நம்பியதில் வியப்பில்லை.

தலைவர் போனார், பழக்கம் போகவில்லை

நம்பிக்கை நீடிக்கவில்லை. இந்திய ஹாக்கியைச் சீரமைக்க அழைக்கப்பட்டிருந்த ஆஸ்திரேலிய நிபுணர் ரிக் சார்ல்ஸ்வொர்த் அந்த ஆண்டின் நடுவிலேயே ஏமாற்றத்துடன் நாடு திரும்பினார். 2009-ல் 'ஹாக்கி இந்தியா' என்ற புதிய அமைப்பு உருவாயிற்று. பழைய சம்மேளனம் நீதிமன்றத்துக்குச் சென்றது. அதன் மீதான நடவடிக்கை செல்லாது என்று 2010 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்வதேச சம்மேளனம் புதிய அமைப்பையே ஏற்றுக்கொண்டிருந்தது. ஒரு விளையாட்டுக்கு இரண்டு அமைப்புகள் உரிமை கோரிய விசித்திரத்தை ரசிகர்கள் சில ஆண்டுகள் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

இதனிடையே 2010 ஜனவரியில், உள்நாட்டில் நடைபெறவிருந்த உலகக் கோப்பைக்கு ஒரு சில வாரங்களே இருந்தபோது, புணே முகாமில் இருந்த வீரர்கள் நிலுவைத் தொகை கேட்டுப் பயிற்சியைப் புறக்கணித்தனர். நாட்டுக்காக ஆடுபவர்கள் ஊதியம் கேட்டு மட்டையைக் கீழே வைத்த செய்தி நாட்டை உலுக்கியது. தாங்களே பணம் தருவதாக முன்வந்த ரசிகர்களும் உண்டு. சில நாள்களில் சமரசம் ஏற்பட்டது. மேஜர் தியான் சந்த் தேசிய விளையாட்டரங்கில் முதல் ஆட்டத்தில் பாகிஸ்தானை 4-1 என்று வென்ற இந்திய அணி, இறுதியில் எட்டாவது இடத்தைப் பெற்றது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஹாக்கி இந்தியா தலைவர் தேர்தல் நடைபெற்றது. ஒரு பக்கம், இருமுறை ஒலிம்பிக் அணிக்குக் கேப்டனாக இருந்த பர்கத் சிங். மறுபக்கம், எண்பது வயதைக் கடந்த ஹிமாசலப் பிரதேசக் காங்கிரஸ் தலைவர் வித்யா ஸ்டோக்ஸ். ரசிகர்களின் விருப்பம் யார் பக்கம் என்பதில் ஐயமில்லை. முடிவு: ஸ்டோக்ஸ் 41, பர்கத் சிங் 21. வாக்குரிமை யாரிடம் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விவாதமும் விளக்கியிருக்க முடியாது.

அந்த அக்டோபரில் தில்லி காமன்வெல்த் போட்டி இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 8-0 என்று இந்தியாவை வென்றது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆறு ஆட்டங்களிலும் தோற்று, பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம்.

பயிற்சியாளர்களின் வருகையும் போக்கும்கூட மாறவில்லை. 2014-ல் இஞ்சியோன் ஆசியப் போட்டியில் 16 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா தங்கம் வென்றது. ரியோ ஒலிம்பிக்குக்கும் நேரடியாகத் தகுதி பெற்றது. அடுத்த சில வாரங்களில் பயிற்சியாளர் டெரி வால்ஷ் வெளியேறினார். இந்திய விளையாட்டு நிர்வாகத்தில் முடிவெடுக்கும் முறைக்குத் தம்மால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பது அவர் முதலில் கூறிய காரணம். அடுத்து வந்த பால் வான் ஆஸ் 2015-ல் சில மாதங்களிலேயே நீக்கப்பட்டார். அப்போது ஹாக்கி இந்தியாவின் தலைவர், சாண்டியாகோ தோல்வியைக் கண்டித்துப் பதவி விலகிய அதே நரீந்தர் பத்ரா. 2018-ல் நியமிக்கப்பட்ட ஹரேந்திர சிங், உலகக் கோப்பை காலிறுதித் தோல்வியை அடுத்து 2019 ஜனவரியில் நீக்கப்பட்டார். தங்கம் வென்றாலும் பயிற்சியாளர் போவார், தோற்றாலும் தலைவர் இருப்பார் என்ற பழைய கணக்கு அப்படியே தொடர்ந்தது.

41 ஆண்டுகளுக்குப் பின் பதக்கம்

மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. 2018-ல் நவீன் பட்நாயக் முதல்வராக இருந்த ஒடிசா அரசு, ஆடவர், மகளிர் தேசிய அணிகளின் புரவலர் பொறுப்பை ஏற்றது. ஒரு மாநில அரசு தேசிய அணிகளுக்குப் புரவலராவது புதுமை. புவனேசுவரத்தில் தரமான அரங்கம், தடையற்ற நிதி, முகாம்கள் என்று வசதிகள் பெருகின. 2019-ல் நியமிக்கப்பட்ட ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் கிரஹாம் ரீட் நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் பணியாற்ற முடிந்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று இந்தியா வெண்கலம் பெற்றபோது, 41 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. 2024 ஆகஸ்ட் 8 அன்று பாரீஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்று மீண்டும் வெண்கலம். அப்போதைய பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டன். இடையே 2023-ல் நம் மண்ணில் நடைபெற்ற உலகக் கோப்பையில் காலிறுதிக்கே செல்ல முடியாத ஏமாற்றமும் உண்டு. ரீட் பதவி விலகியது அதன் பின்னர்தான்.

பதக்கங்கள் வந்தபோதும் நிர்வாகத்தின் மீதான வழக்கு ஓயவில்லை. ஹாக்கி இந்தியாவின் விதிகளில் வாழ்நாள் உறுப்பினர், வாழ்நாள் தலைவர் என்ற பதவிகள் சேர்க்கப்பட்டிருந்ததை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றவர் 1975 அணியின் அஸ்லம் ஷெர்கான். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. 2022 மே மாதம் அந்தப் பதவிகள் சட்டவிரோதமானவை என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், நிர்வாகத்தைக் கவனிக்க மூவர் குழுவை நியமித்தது. பத்ராவும் அதே ஆண்டில் சர்வதேச சம்மேளனம், இந்திய ஒலிம்பிக் சங்கம் ஆகியவற்றின் தலைவர் பதவிகளிலிருந்து விலகினார்.

அதையடுத்து 2022 செப்டம்பரில் திலீப் திர்கி போட்டியின்றித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மூன்று ஒலிம்பிக்கில் ஆடியவர். சிட்னியில் போலந்திடம் அந்தக் கடைசி நேரக் கோலை வாங்கிய அணியில் இருந்தவர். மாநிலங்களவை உறுப்பினராக ஆறு ஆண்டுகள் பணியாற்றியவர். ரசிகர்கள் பல்லாண்டாகக் கேட்டது நடந்தது.

ஆயினும், வீரர் ஒருவர் தலைவரானால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கில்லை. 2024 ஜனவரியில் ராஞ்சியில் ஜப்பானிடம் 0-1 என்று தோற்ற மகளிர் அணி, பாரீஸ் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. டோக்கியோவில் நான்காவது இடம் பெற்று நாட்டின் நெஞ்சைத் தொட்ட அணி அது. அடுத்த மாதம் பயிற்சியாளர் ஜன்னகே ஷாப்மன், தமக்கு உரிய மதிப்பும் மரியாதையும் தரப்படவில்லை என்று வெளிப்படையாகக் கூறிவிட்டு விலகினார். பாகுபாடு காட்டப்பட்டதாகக் கூறுவதை ஹாக்கி இந்தியா மறுத்தது. நீண்ட காலம் அதன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த எலினா நார்மனும் அதே மாதத்தில் வெளியேறினார். தோல்விக்குப் பிறகு வீட்டுக்குச் சென்றவர் யார் என்று பார்த்தால், பழைய கணக்கின் சாயல் இதிலும் தெரிகிறது.

சட்டம் வந்தது

2008-ல் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விக்குச் சட்ட வடிவில் பதில் கிடைக்க 17 ஆண்டுகள் ஆயின. 2011-ல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த அஜய் மாக்கன் ஒரு மசோதாவை அமைச்சரவை முன் வைத்தார். நிர்வாகிகளின் வயதுக்கும் பதவிக் காலத்துக்கும் வரம்பு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொறுப்பு என்பவை அதன் சாரம். அதை ஆராய வேண்டிய அமைச்சரவையிலேயே சரத் பவார், பரூக் அப்துல்லா, விலாஸ்ராவ் தேஷ்முக், சி.பி. ஜோஷி என விளையாட்டுச் சங்கங்களில் பதவி வகித்தவர்கள் பலர். மசோதா திருப்பி அனுப்பப்பட்டது.

2025 ஆகஸ்ட் 11 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா நிறைவேறியது. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தம் தொடர்பாக எதிர்க்கட்சிகள் அவைகளில் போராடி வந்த நாள்கள் அவை. 2008-ல் கட்சி வேறுபாடின்றி எழுந்த குரலுக்கான பதில், விரிவான விவாதத்துக்கு வாய்ப்பில்லாத சூழலில் வந்து சேர்ந்தது. அதே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது.

சம்மேளனங்களுக்கு அங்கீகாரம் அளிக்கவும் ரத்து செய்யவும் அதிகாரம் பெற்ற தேசிய விளையாட்டு வாரியம், வழக்குகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம், நிர்வாகக் குழுவில் பதினைந்து பேருக்கு மேல் கூடாது, அவர்களில் குறைந்தது நால்வர் பெண்கள், குறைந்தது இருவர் சிறந்த விளையாட்டு வீரர்கள் என்பவை சட்டத்தின் முக்கிய அம்சங்கள். வயது வரம்பு எழுபது. சர்வதேச விதிகள் இடமளித்தால் எழுபத்தைந்து வரை போட்டியிடலாம். அரசு நிதி பெறும் அமைப்புகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. ஹாக்கி ரசிகருக்கு இந்தக் கடைசி அம்சம் சிறியதல்ல. ஒரு பயிற்சியாளர் ஏன் நீக்கப்பட்டார், முகாமுக்கு எவ்வளவு செலவானது என்று மனு எழுதிக் கேட்க ஒரு வழி பிறந்திருக்கிறது.

சட்டம் தொடாத இடங்களும் உண்டு. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு பெரும்பாலும் மாநிலச் சங்கங்களிடமே இருக்கிறது. மாநிலச் சங்கங்கள் திருந்தாமல் தேசிய அமைப்பு மட்டும் திருந்துவது எளிதல்ல. வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு என்பதால், சங்க நிர்வாகிகளின் பிடி தளர்ந்து அமைச்சகத்தின் பிடி இறுகிவிடுமோ என்ற ஐயத்தையும் சிலர் எழுப்புகின்றனர். இருவர் என்று ஒதுக்கப்பட்ட வீரர்கள், பதினைந்து பேர் குழுவில் குரல் எழுப்புவார்களா அல்லது கையெழுத்திடுவதோடு நிற்பார்களா என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும்.

அடுத்த தோல்வியின் மறுநாள்

கே.பி.எஸ். கில் 2017 மே மாதம் தில்லியில் காலமானார். அவரை விமர்சித்தவர்கள்கூட, எல்லாப் பழியையும் ஒருவர் மீதே சுமத்தியது சரிதானா என்று பின்னாளில் யோசித்திருக்கக்கூடும். அவர் போன பிறகும் தொடர்ந்தவற்றைப் பார்த்தால், ரசிகர்களின் கோபத்துக்கு உரியது ஒரு மனிதர் மட்டும் அல்ல என்பது புரிகிறது. கேள்வி கேட்க முடியாதபடி அமைக்கப்பட்டிருந்த ஒரு பதவிக்கு எதிராகவே அவர்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள்.

ரசிகர் கேட்டது அதிகமில்லை. எல்லா ஆட்டத்திலும் வெற்றி வேண்டும் என்று ஹாக்கியைத் தெரிந்த எவரும் கேட்பதில்லை. தோற்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் சொல்ல வேண்டும். 2008 மார்ச் 10 அன்று பயிற்சியாளர் சொன்னார், தலைவர் சொல்லவில்லை.

தில்லி தேசிய விளையாட்டரங்கின் முன்னே மட்டையோடு நிற்கும் தியான் சந்தின் சிலையிலிருந்து நாடாளுமன்றம் அதிகத் தொலைவில் இல்லை. சாண்டியாகோவின் கேள்வி அந்தத் தொலைவைக் கடந்து சட்டமாவதற்கு 17 ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்தச் சட்டத்தின் பயன், இந்திய அணி பதக்கம் வெல்லும் நாளில் தெரியப் போவதில்லை. அணி தோற்கும் அடுத்த நாளின் மறுநாள் காலையில், பதில் சொல்வதற்கு யார் முன்வருகிறார் என்பதில்தான் தெரியும்.